இதர கட்டடங்கள்: ஒன்பது

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். எழுபதுகளில் தட்டச்சு செய்த ஒரு பக்க ஃபாரங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்கின்றன. "அங்கிள், இதுல வீடுகள்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குக் கீழ கதவுகள்னு தனியா இன்னொரு கட்டம் இருக்கு. வீட்ட எண்ணினா போதாதா? கதவ எதுக்கு எண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"அது பெரிய கதைம்மா, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையில் அது சின்னக் கதைதான். அந்தக் கட்டம் முளைத்ததற்கு நான் செய்த முட்டாள்தனம் ஒன்றே காரணம். அதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவதில் ஒரு சௌகரியம், யார் சிரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

மலேசியாவில், கெடா மாநிலத்து மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் இருக்கும் லயன் வீட்டில் பிறந்தவன் நான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்கா ஆரோக்கியமேரிதான் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, என்னைப் படிக்க வைத்தாள். தோட்டத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் டவுனில் இங்கிலீஷ் பள்ளி, அப்புறம் கோலாலம்பூரில் வரைபடம் வரைகிற படிப்பு. இதைப் பத்துப் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் உண்டு. நான் வாங்கிய மார்க்குக்கு இந்த ஒரு வரியே அதிகம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அலோர் ஸ்டாரில் நகரத் திட்ட வேலை கிடைத்தது. தொழில்நுட்ப உதவியாளர் என்று பெயர். செய்தது கலர் அடிக்கிற வேலை. வரைபடத்தில் வீடு என்றால் மஞ்சள், கடை என்றால் நீலம், ஆலை என்றால் ஊதா, வயலும் தோட்டமும் பச்சை. நான் கோடு தாண்டாமல் அடிப்பேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தோட்டத்துக்குப் போனால் "கலர் அடிக்கிற தொரை வந்துட்டாரு" என்பார்கள். அதில் எனக்குத் 'தொரை' மட்டும்தான் காதில் விழும்.

எங்கள் மேலதிகாரி எஞ்சிக் சலீம்; எஞ்சிக் என்றால் மலாயில் 'ஐயா'. நெல் விவசாயியின் மகன். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். அவருடைய அறையில் பச்சைக் கம்பளம் விரித்திருந்ததால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்பளம் அழுக்காகிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டாவது வருடத்தில்தான் விஷயம் புரிந்தது.

அந்த வருடம் டவுனுக்கு வெளியே ஒரு கடைவரிசை கட்ட மனு வந்திருந்தது. நான் நல்ல வெயில் காலத்தில் போய் நிலத்தை ரோட்டிலிருந்தபடியே பார்த்தேன். 'சமதளம், உலர்ந்த நிலம், கட்டடத்துக்கு ஏற்றது' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மழை பிடித்ததும் எஞ்சிக் சலீம் என்னைக் காடியில் ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் ரோடு முடிந்து தண்ணீர் ஆரம்பித்தது. ஒரு விவசாயியின் சம்பான் படகில் ஏறினோம். தண்ணீருக்கு நடுவே ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, "இறங்கு" என்றார். இறங்கினேன். தண்ணீர் இடுப்பு வரை வந்தது. என் அறிக்கையைச் சம்பானிலிருந்து நீட்டி, "வாசி" என்றார். நின்றபடி சத்தமாக வாசித்தேன். சமதளம். உலர்ந்த நிலம். துடுப்பு போட்டவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது, ஆனாலும் கண்ணீர் வரச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கவனித்தேன். யாராவது அறிக்கை கொண்டுபோனால் எஞ்சிக் சலீம் அதை உடனே படிக்க மாட்டார். எழுந்து வாசலுக்குப் போவார். பென்சில் நுனியால் சப்பாத்தைப் புரட்டி அடிப்பாகத்தைப் பார்ப்பார். வயல் சேறு சாம்பல் நிறம், தோட்டத்து மண் சிவப்பு, தஞ்சோங் டாவாய் பக்கத்துச் சதுப்பு கறுப்பு, நாற்றமும் அடிக்கும். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, கெடா மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஹங் பீ கா டக்?" நீ போனாயா, இல்லையா? அந்தக் கேள்விக்குச் சப்பாத்து ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கும்.

சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து புதுச் சட்டமாக வந்திருந்தது. பெரிய திட்டம் என்றால் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம் என்பதெல்லாம் எண்பதுகளின் கடைசியில்தான். எஞ்சிக் சலீம் அதுவரை காத்திருக்கிற ஆள் இல்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டி, ஒரு பக்க ஃபாரம் ஒன்றை அவரே தயார் செய்தார். ஆலைக்கு மனு வந்தால் அதை நிரப்ப வேண்டும். பக்கத்து ஆறு எது, குடிநீர் எடுக்கும் இடம் எது, பள்ளி எத்தனை, வீடு எத்தனை, இதர கட்டடங்கள் எத்தனை.

"வீட்டை எப்படி எண்ணுவது?" என்று எங்களைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். "நில ஆபீஸ் பதிவில் தனி லோட் நம்பர் இருந்தால் வீடு, எஞ்சிக். மற்றதெல்லாம் இதர கட்டடம். குழப்பமே வராது." அவர் தலையாட்டினார். அந்த விளக்கம் ஃபாரத்தின் அடியில் அச்சேறியது. அன்று மதியம் நான் ஒரு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து நான் பிறந்த தோட்டத்திலேயே மேல்பகுதியை ஒரு கம்பெனி வாங்கி, ரப்பர்ப் பால் பதப்படுத்தும் ஆலை கட்ட மனுப் போட்டது. ஊர் தெரிந்தவன் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். பினாங்கில் வாங்கிய புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் மோட்டார் சைக்கிளில் போனேன்.

தோட்டத்து ஆபீசில் மேனேஜரே எழுந்து வந்து கை கொடுத்தார். சின்ன வயதில் அக்காவோடு சம்பளத்துக்குப் போனால் அந்த ஆபீசுக்கு வெளியே வெயிலில்தான் நிற்போம். இப்போது நாற்காலி, காற்றாடி, சாசருடன் தேத்தண்ணி, சுடச்சுடக் கறிப்பாப் பலகாரம். நான் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மேனேஜர் வராந்தாவிலிருந்து விரலை நீட்டி, "அதோ அந்தப் பாறைப் பக்கம், ஆற்றோரமாக" என்றார். நானும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டினேன். ஆற்றுக்குப் போகிற வழி லயன்களுக்கு நடுவே போகிறது. அங்கே போனால் பத்துப் பேர் கையைப் பிடித்து, மகனுக்குக் கவர்மெண்டு வேலை வாங்கிக் கொடு என்பார்கள். சப்பாத்து வேறு புதிது. பிறந்த இடம்தானே, பார்க்காததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது தோட்டத்துப் பெயர்ப்பலகை அருகே வண்டியை நிறுத்தினேன். அங்கே ஒரு செம்மண் குழி இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு காலையும் அதில் வைத்து நன்றாக மிதித்தேன். அரசாங்கச் சேவையில் நான் முழுக் கவனத்தோடு செய்த வேலைகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் ஃபாரத்தை நிரப்பினேன். குடிநீர் எடுக்கும் இடம்: இல்லை. அரசாங்கக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கும் இடம்தான் கணக்கு, தோட்டத்துப் பம்பு கணக்கில் வராது. வீடுகள்: பூஜ்யம். இதர கட்டடங்கள்: லயன் ஏழு, ரப்பர் ஸ்டோர் ஒன்று, மாட்டுக்கொட்டகை ஒன்று, ஆக ஒன்பது. எஞ்சிக் சலீம் சப்பாத்தைப் புரட்டினார். நல்ல சிவப்பு. ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மனுவை முடிவு செய்யும் கமிட்டி கூடுவதாக இருந்தது. எங்கள் மாநிலத்தில் வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல, அதே லயனில் இருந்த அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தஞ்சோங் டாவாய் நெத்திலியில் சம்பால் வைத்திருந்தாள். சும்மா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"அக்கா, மேல ஆலை வரப்போவுது. மச்சானுக்கு அங்க வேலைக்குச் சொல்லிடலாம்" என்றேன், ஏதோ ஆலையே என்னுடையது போல.

"ஆலையா? எங்கடா?"

"பாறைகிட்ட. ஆத்தோரமா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆத்தோரம்னா, நம்ம பம்புக்கு மேலயா, கீழயா?"

இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஊதா அடித்தவன் நான். ஆற்றுக்கு நீலக்கோடு போட்டவனும் நான். "மேலதான்" என்றேன்.

"அப்ப அந்த ஆலைத் தண்ணி?"

"குளம் வெட்டிக் கொஞ்ச நாள் போட்டு வெச்சி, அப்புறம் ஆத்துல விடுவாங்க."

"புளிச்ச பால் தண்ணி என்னா நாத்தம் நாறும்னு உனக்குத் தெரியாதாடா? நாங்க எந்தத் தண்ணியக் குடிக்கிறது?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு முனியம்மாக்கா எனக்குப் பரிந்து வந்தார். அக்காவோடு ஒரே நிரையில் மரம் வெட்டுகிறவர். "சும்மா இரு மேரி. தம்பி கவர்மெண்டுல இருக்கு, நம்மளப் பத்தி எழுதாமலா இருக்கும்? நம்ம லயனப் பத்தி என்னா தம்பி எழுதுன?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் விளக்கம் என்னுடையதாயிற்றே! "லயன் வீடுங்க வீடுன்னு கணக்குல வராதுக்கா. தனி லோட் நம்பர் இருந்தாத்தான் வீடு. இதெல்லாம் தோட்டத்து நிலத்துக் கிராண்டுப் பத்திரத்துல இருக்கறதால, இதர கட்டடங்கள்ல போட்டிருக்கேன்" என்றேன்.

"அதுல வேற என்னாலாம் இருக்கு?"

"ஸ்டோரு…" என்றேன். அடுத்தது வாயில் வர மறுத்தது. "மாட்டுக்கொட்டா."

முனியம்மாக்கா தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடி ஆத்தே! மேரி, நாமளும் மாடும் ஒரே கட்டத்துலயாம்டி!" சத்தம் கேட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு எல்லாம் அவரே முதலிலிருந்து சொன்னார். ஒருவர் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "இந்தாய்யா, இதர கட்டடம், சோறு திங்க வா" என்றார். லயனே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கிளாஸ் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். "குடிடா. ஆத்துத் தண்ணிதான். அடுத்த வருசம் குடுக்க முடியுமோ என்னமோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் படிக்க வைத்ததையோ, அதற்கு அவள் எத்தனை மரம் வெட்டினாள் என்பதையோ பேசவே இல்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கூனிக் குறுகிப் போய் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். இன்று நினைத்தாலும் அந்த வெட்கம் அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக எஞ்சிக் சலீமின் அறைக்குள் போனேன். பதற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற மறந்து கம்பளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் பேசியது மலாயில், தமிழில் எழுதுகிறேன்.

"அந்த ஆலை ஃபாரம் தப்பு, எஞ்சிக்."

"எது தப்பு?"

"நான் போகவில்லை."

"சப்பாத்தில் செம்மண் இருந்ததே?"

"பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் மிதித்தது."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "யாரிடமாவது ஏதாவது வாங்கினாயா?" என்றார்.

"கறிப்பாப் சாப்பிட்டேன், எஞ்சிக்."

"எத்தனை?"

"மூன்று."

தலையை ஆட்டி அதையும் குறித்துக்கொண்டார். பிறகு ஃபாரத்தை என் பக்கம் திருப்பி, "இந்த ஒன்பது கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"என் அக்கா" என்றேன்.

எஞ்சிக் சலீம் எழுந்து போய்த் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். "உன் கலர் பென்சிலை எடுத்துக்கொள்" என்றார்.

ஆலையின் கழிவுநீர் விழப்போகிற இடத்தில் கம்பெனி ஒரு முளை அடித்து வைத்திருந்தது. அங்கே போய் நின்றோம். கீழே கிடந்த ரப்பர் விதைகளில் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அடிக்கச் சொன்னார். கோடு தாண்டாமல் அடித்துப் பழகிய கைக்கு வழவழப்பான ரப்பர் விதையில் கலர் பிடிக்க வைக்கவே தெரியவில்லை. கத்தியால் சுரண்டிவிட்டு அடித்தேன். பத்தையும் ஒரே நேரத்தில் ஆற்றில் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வயல் வாய்க்காலில் தேங்காய் மட்டையை விட்டுத் தண்ணீர் வரும் நேரத்தைக் கணக்குப் பார்ப்பாராம் அவருடைய அப்பா. இருவரும் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு விதைகளுக்குப் பின்னாலேயே ஆற்றில் நடந்தோம். இரண்டு வேரில் சிக்கின. ஒன்று சுழலில் மாட்டிக்கொண்டது. மற்ற ஏழும் லயன் பம்புக்கு வந்து சேர்ந்தன. முப்பத்தைந்து நிமிடம்.

பம்படியில் அக்கா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த நேரம், உடம்பெல்லாம் பால் வாடை. மிதந்து வந்த விதை ஒன்றை எடுத்துப் பார்த்து, "என்னாடா இது, ரெண்டு ஆபீசரும் கொட்டைக்குச் சாயம் அடிச்சி வெளையாடுறீங்களா?" என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எஞ்சிக் சலீம் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு, "உன் அக்காவிடம் சொல். ஆலைத் தண்ணீர் அவள் குடத்துக்கு வர இவ்வளவு நேரம்தான்" என்று கடிகாரத்தைக் காட்டினார். சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடத்துக்குள் பார்த்தாள்.

அதன் பிறகு எஞ்சிக் சலீம் ஏழு லயனையும் நடந்தே எண்ணினார். ஒவ்வொரு கதவையும் பென்சிலால் ஒரு தட்டு. உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் சலாம் சொல்லிவிட்டு அடுத்த கதவு. எழுபது கதவு. அன்று மாலையே ஆபீசில் உட்கார்ந்து புது ஃபாரத்தை இரண்டு விரலால் தட்டி முடித்தார்.

மறுநாள் கமிட்டியில் எனக்கு வரைபடம் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. கம்பெனி ஆள் பழைய ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினார். "போன வாரம் இங்கே வீடு பூஜ்யம். இந்த வாரம் எழுபது குடும்பம். காளான் மாதிரி முளைத்துவிட்டதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர், "முதல் ஃபாரத்தை எழுதியது யார்?" என்று கேட்டார். எஞ்சிக் சலீம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை. மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான், துவான்" என்றேன்.

"இரண்டாவது?"

"அதிலும் என் கையெழுத்து இருக்கிறது."

"அப்படியானால் எதை நம்புவது?"

"முதல் ஃபாரத்தை எழுதியவன் அங்கே போகவில்லை, துவான். ஆனால் அவன் பிறந்தது அங்கேதான். அந்த இதர கட்டடத்தில்தான்."

எழுத்தில் பார்த்தால் வீரமாகத்தான் இருக்கிறது. சொல்லும்போது குரல் கீச்சென்று போய்விட்டது. பிடித்திருந்த வரைபடம் நழுவிச் சுருண்டு, தலைவரின் தேத்தண்ணியைத் தட்டிவிட்டது. அதைத் துடைக்கிற அமளிக்கு நடுவே எஞ்சிக் சலீம் சட்டைப்பையிலிருந்து ஏழு சிவப்பு விதைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "முப்பத்தைந்து நிமிடம்" என்றார்.

ஆலையைப் பம்புக்குக் கீழே கட்டச் சொல்லி முடிவானது. கம்பெனி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது. பம்புக்குக் கீழேயும் ஆற்றோரம் ஊர் உண்டு, கடலோரத்துத் தஞ்சோங் டாவாய் வரைக்கும் மீன்பிடிக்கிறவர்கள் உண்டு என்று அன்று யாரும் கேட்கவில்லை. அக்கா வீட்டுத் தண்ணீர் தப்பித்தால் போதும் என்று நானும் கேட்கவில்லை. இதை ஒரு வெற்றி என்று மார்தட்டிக்கொள்ள என்னால் முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மோட்டார் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஆறு மாதம் பஸ்ஸில் அலைந்தேன். ஃபாரத்தில் 'வீடுகள்' கட்டத்துக்குக் கீழே 'கதவுகள்' வந்தது. என் லோட் நம்பர் விளக்கத்தை எஞ்சிக் சலீம் அடிக்கவில்லை. அது அங்கேயே இருந்து என்னைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. தோட்டத்தில் என் பெயர் மாறிவிட்டது. கலர் அடிக்கிற தொரை போய், "இதர கட்டடம் வருது" என்று ஆனது.

எண்பதுகளில் தோட்டத்தையே விற்றுத் தாமான் என்கிற குடியிருப்பு கட்டினார்கள். வெளியேறுகிறவர்களுக்கு மலிவு வீடு கொடுப்பதென்று பேச்சு வந்தபோது, நிர்வாகம் நாற்பது குடும்பம்தான் என்றது. எங்கள் கோப்பில் எழுபது கதவு இருந்தது. எஞ்சிக் சலீம் அப்போது ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தக் கோப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான். தூசி தட்டுவது எனக்குப் பொருத்தமான வேலைதான்.

அக்கா குடிபோன அன்று கறிப்பாப் வாங்கிக்கொண்டு போனேன். புது வீட்டில் குழாய், வெள்ளைச் சுவர், கூடத்தில் மச்சான் மாட்டிய அந்தோணியார் படம். அக்கா உள்ளே இல்லை. வாசல் கேட்டருகே நின்று, தூணில் அடித்திருந்த தகரத் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது என்னா நம்பர், தம்பி?"

"லோட் நம்பர்க்கா."

"நீ சொன்னியே, அதா?"

"அதான்."

"அப்ப நான் இப்ப வீட்டுல இருக்கேனா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் தகட்டிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அங்கயும் வீட்டுலதான்டா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.